எட்டாம் வகுப்பில் ஒரு பரிசோதனை

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடி நாளிதழ் படிக்கிறார்கள் என்று அறிந்ததும் நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே மழை விட்டபாடில்லை. மூத்தவள் பி.யு.சி. முடித்துவிட்டு, உளவியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இனி, உன் எட்டாம் வகுப்பில் நீ செய்யப்போகும் பரிசோதனை விஷயத்துக்கு வருகிறேன். வாய்விட்டுப் படித்தால் பாடம் மனத்தில் நிற்குமா என்பது அருமையான கேள்வி. ஆனால் ‘அ’ பிரிவு வாய்விட்டு, ‘ஆ’ பிரிவு மௌனமாக, இரண்டுக்கும் நீயே ஆசிரியர், நீயே திருத்துபவர் என்பதை என்னால் ஏற்க முடியாது. ‘அ’ பிரிவுக்கு உன் பாடவேளை காலையில்; ‘ஆ’ பிரிவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு. மதிப்பெண் வித்தியாசம் வாசிப்பால் வந்ததா, உண்ட மயக்கத்தால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பாய்?

கனடாவில் காலின் மெக்லியாட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆள் சில சொற்களை வாய்விட்டும் சிலவற்றை மௌனமாகவும் படித்தபோது, வாய்விட்டுப் படித்தவையே கூடுதலாக நினைவில் நின்றன. நீயும் அப்படியே செய். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பத்திகள். எதை வாய்விட்டுப் படிப்பது, எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய். ‘இவன் கெட்டிக்காரன், இதில் போடலாம்’ என்று நீ கை வைக்காதே. மௌனமாகப் படிப்பவர்களுக்குத் தனி அறை கொடு. இல்லாவிட்டால் பக்கத்துக் குரல் அவர்கள் காதிலும் விழும்.

என் பெரிய கவலை, முடிவு இப்படித்தான் வர வேண்டும் என்ற உன் ஆசைதான். 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முதுமை தொடர்பான சொற்களைப் படித்த மாணவர்கள் பிறகு மெதுவாக நடந்தார்கள் என்றது. 2012இல் பெல்ஜியத்தில் டோயன் குழுவினர் கடிகாரத்துக்குப் பதில் அகச்சிவப்புக் கதிர்க் கருவி வைத்து அளந்தபோது வித்தியாசமே தெரியவில்லை. அடுத்து, சோதனை நடத்துபவர்களில் ஒரு பகுதியினரிடம் ‘மாணவர்கள் மெதுவாக நடப்பார்கள்’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். அவர்களிடம் வந்து அந்தச் சொற்களைப் படித்தவர்கள் உண்மையிலேயே மெதுவாக நடந்தார்கள். கருவியே அப்படிக் காட்டியது! நடத்துபவரின் எதிர்பார்ப்பு எப்படியோ எதிரில் இருப்பவரின் காலுக்குப் போய்விட்டது.

இதை என் வகுப்பிலும் கண்டேன். ஒரு மாணவி இரண்டு குழுக்களுக்கு ஒரே சொற்பட்டியலை வாசித்தாள். கூடுதலாக நினைவில் வைக்கும் என்று தான் எதிர்பார்த்த குழுவுக்கு வாசிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஒரு கணம் நிறுத்தினாள். தலையைக்கூட லேசாக அசைத்தாள். மிக நேர்மையான பெண். அவளுக்கே அது தெரியாது. அடுத்த முறை குரலைப் பதிவு செய்து, இரு குழுக்களுக்கும் அதையே போட வைத்தேன். நல்லெண்ணத்தை நம்பி இதை விட முடியாது, முருகேசா. ஏற்பாட்டால்தான் தடுக்க முடியும்.

அதனால் வழிமுறைகளை அச்சிட்டுக் கொடு. என்ன சோதிக்கிறாய் என்று தெரியாத ஒருவர் வகுப்பை நடத்தட்டும். எத்தனை சரியென்றால் எவ்வளவு மதிப்பெண் என்பதையும் முன்பே எழுதி வை. விடைத்தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். எந்த எண் எந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்தது என்ற பட்டியலை உன் தலைமை ஆசிரியரிடம் உறையில் ஒட்டிக் கொடுத்துவிடு. பொங்கலுக்கு வரும்போது தாள்களை நான் திருத்தித் தருகிறேன். அதுவரை உறையைப் பிரிக்காதே.

அன்புடன்,
சேகர்