இலவசம் என்பதால் மட்டும் பரவவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலவச இணையதள மென்பொருள்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் இணையதளம் உருவாக்கி நடத்த உதவும் வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் எல்லாம் இவ்வளவு தூரம் பரவியதற்குக் காரணம் 'காசு கொடுக்க வேண்டாம்' என்பதுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இலவசமாகக் கிடைத்தும் யாரும் சீண்டாமல் கிடக்கிற மென்பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. இவை மட்டும் எப்படிப் பரவின? மாதம் ஒரு சனிக்கிழமை, யாரோ இரவல் கொடுத்த அறையில், பத்துப் பேர் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்ததால் (நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்) பரவின. பயனர் குழு என்று அதற்குப் பெயர். கட்டுரையில் அந்தச் சொல்லே வரவில்லை.

நான் கணினி படித்தவன் இல்லை. பல வருடங்களுக்கு முன்பு எங்கள் சிறிய சங்கத்துக்கு ஒரு நிறுவனம் வேர்ட்பிரஸில் தளம் செய்து கொடுத்தது. கொஞ்ச நாளில் அவர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று வேறு ஹோஸ்டிங்குக்கு (தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் சேவைக்கு) மாற்றினேன். மாற்றிய கையோடு தளத்தில் இருந்த தமிழ் முழுவதும் கிறுக்கலாகிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் எழுதிப் போட்ட செய்திகளோ வெறும் கேள்விக்குறிகளாக வந்தன. உறுப்பினர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். இரண்டு மாதம் அப்படியே ஓட்டிவிட்டு, கடைசியில் யாரோ சொல்லி ஒரு பயனர் குழுக் கூட்டத்துக்குப் போனேன். பின்வரிசையில் இருந்த ஒரு கல்லூரி மாணவி என் லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "கேள்விக்குறியா வருதா சார், கிறுக்கலா வருதா?" இரண்டும் வருகிறது என்றேன். அப்படியென்றால் பாதி பிழைக்கும் என்றார், டாக்டர் மாதிரி.

அப்புறம் விளக்கினார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் இடம் வேண்டும். தளத்தின் பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் அந்த மூன்று பைட்டையும் லத்தீன் எழுத்து என்று நினைத்துத் தனித்தனியாகப் படித்தால் ஒன்று மூன்று கிறுக்கலாகிவிடும், ஆனால் உள்ளே சரக்கு பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறையை மாற்றினால் திரும்ப வந்துவிடும். கேள்விக்குறி அப்படி இல்லை. இந்த எழுத்தை வைக்க என்னிடம் இடமில்லை என்று டேட்டாபேஸே அசலைத் தூக்கி எறிந்துவிட்டு வைத்த அடையாளம் அது, பேக்கப் இருந்தால் உண்டு, இல்லையென்றால் போனது போனதுதான். இருபது நிமிடத்தில் பழைய பதிவுகளெல்லாம் எழுந்து உட்கார்ந்தன. அந்த இரண்டு மாதச் செய்திகளை நான் திரும்பத் தட்டச்சு செய்தேன். இதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறதுதான், ஆனால் என்ன தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். அதற்கு முன்னால் 'கேள்விக்குறியா, கிறுக்கலா' என்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கம் இணையத்துக்கும் முந்தியது. 1955-இலேயே ஐபிஎம் 701 கணினி வைத்திருந்த லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக்காரர்கள் 'ஷேர்' என்று ஒரு குழு ஆரம்பித்து, ஆளுக்கொரு நிரலைத் தனித்தனியாக எழுதி நேரத்தை வீணாக்காமல் எழுதியதைப் பகிர்ந்துகொண்டார்கள். 1975-இல் கலிபோர்னியாவில் ஒரு கார் ஷெட்டில், கணினியைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் ஹோம்ப்ரூ கிளப் கூடியது. வேர்ட்பிரஸின் கதையும் அதே ரகம்தான்: பி2 என்ற மென்பொருளை எழுதியவர் ஒதுங்கிப் போனபோது, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003-இல் அதையே எடுத்து வளர்த்தார்கள். யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமம் இருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று உலகத் தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அதில் ஓடுகின்றன. ஜூம்லா இன்னும் சுவாரஸ்யம். மாம்போ என்ற மென்பொருளின் நிர்வாகம் யார் கையில் என்ற சண்டையில் எழுதியவர்கள் கூட்டமாக வெளியேறி 2005-இல் தொடங்கியது அது, பெயரை சுவாஹிலி மொழியிலிருந்து எடுத்தார்கள், 'எல்லோரும் சேர்ந்து' என்று பொருள். பயனர்கள் கூடிப் பழகியிராவிட்டால் இவற்றில் எதுவுமே நடந்திருக்காது.

இன்னொன்று. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபலில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பதாக அறிவித்துத் திருத்தமும் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே பாதுகாப்புக் குழு என்ன சொன்னது தெரியுமா, அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத தளங்களுக்குள் ஆள் புகுந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. ஏழு மணி நேரம்! என்னைப் போல வாரத்துக்கு ஒரு முறை தளத்தை எட்டிப் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? குழுவில் பழகிய ஒருவர் போன் போட்டு "தூங்காதீங்க, முதல்ல இதைப் பண்ணுங்க" என்று சொன்னால்தான் உண்டு.

குழுக்கள் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கத் தளத்துக்கும் ட்ரூபல்தான் போட வேண்டும் என்று சாதிக்கிற பக்தர்களை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்தவர் 'சைல்ட் தீம் என்றால் என்ன' என்று கேட்டதற்குச் சிரித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்த மனிதர் அடுத்த மாதம் வரவில்லை. வேர்ட்பிரஸை மொழிபெயர்க்க உட்கார்ந்த ஒரு மாலையில், உள்ளே நுழைந்ததும் அது சொல்லும் 'ஹவுடி' என்ற பேச்சுவழக்கு ஆங்கில வாழ்த்துக்குத் தமிழ் என்ன என்று அரை மணி நேரம் சண்டை. 'வணக்கம்' ரொம்ப விறைப்பாம். நான் வணக்கத்தின் பக்கம்.

இப்போதைய சிக்கல் வேறு. கூட்டம் என்று சொல்லிவிட்டு நிறுவனங்கள் தங்கள் பிளகினை (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரலை) விற்க வருகிறார்கள். 2006-இலிருந்து நடக்கும் வேர்ட்கேம்ப் என்ற வேர்ட்பிரஸ் பயனர் நிகழ்ச்சிகளில் பேசுகிறவருக்குச் சம்பளம் கிடையாது, நடத்துகிறவர்களும் தன்னார்வலர்கள்தான், அந்தக் கட்டுப்பாடு எல்லாச் சிறிய குழுக்களிலும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பல கூட்டங்கள் திரைக்குள் போய்விட்டன. திரையில் பாடம் கேட்கலாம், பக்கத்து இருக்கைக்காரரின் லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொள்ள முடியாது. ஒருநாள் தளம் வெள்ளைத் திரையாக நின்றுவிட்டால், சர்வரில் 'பிளகின்ஸ்' ஃபோல்டரின் பெயரை மாற்றினால் போதும், எல்லா பிளகின்களும் ஒரே அடியாக அணைந்து பெரும்பாலும் தளம் உயிர்பெறும். இதை நான் தெரிந்துகொண்டது எந்தப் பேச்சிலும் இல்லை, கூட்டம் முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னது. இந்த மென்பொருள்களை வைத்துத் தொழில் செய்து நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள்தான் இந்தப் பக்கம் அதிகம் தலைகாட்டுவதில்லை, அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் சொற்பொழிவுக்கும் நூல் வெளியீட்டுக்கும் இடம் கொடுக்கிறீர்கள். பயனர் குழுக் கூட்டங்களுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். நாள், இடம், 'லேப்டாப் கொண்டுவரவும், கட்டணம் இல்லை', அவ்வளவு போதும். கேள்விக்குறிகளை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கிற ஒருவர் உங்கள் நாளிதழைக் கட்டாயம் படித்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்