தையல் மெஷினை மூட்டை கட்டாமல் வைத்திருக்க ஓர் அறை வேண்டும்

பெறுநர்: தொகுதி இயக்குநர் அவர்கள், மக்கள் கழகம், சிங்கப்பூர்

பொருள்: மாணவர்களும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து தையலும் ஒட்டுத்துணிப் போர்வையும் கற்றுக்கொள்ள நிரந்தரமாக ஓர் அறை கேட்டு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஈசூனில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை 3 மணியிலிருந்து நாலு தையல் மெஷின்களோடு பதினாலு பேர் உட்கார்ந்திருக்கிறோம். அதில் ஆறு பேர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், ஒருத்தர் பாலிடெக்னிக் மாணவி, மற்றவர்கள் என்னைப் போன்ற அம்மாமார், ஒரு மலாய் மக்சிக் (மலாய்க்காரப் பெரியம்மா), எதிர் புளோக்கில் இருக்கும் சீன ஆன்ட்டி ஒருவர், அவர் வீட்டுப் பணிப்பெண். பக்கத்து அறையிலிருந்து ஒயர் இழுத்துத்தான் மின்சாரம் எடுக்கிறோம். இஸ்திரிப் பெட்டி சூடாகும் நேரத்தில் மெஷின்களை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போய்விடும். மழை சாய்ந்து அடித்தால் துணிகளை அள்ளிக்கொண்டு லிஃப்ட் பக்கம் ஓடுகிறோம். 6 மணிக்கு எல்லாவற்றையும் கட்டி அவரவர் வீட்டுக்குத் தூக்கிப் போகிறோம். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் இறக்கி, ஊசி மாட்டி, நூல் கோத்து, மேசை விரித்து முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது.

எங்களுக்கு வேண்டியது சமூக மன்றத்தில் ஓர் அறை. மெஷின்களை அப்படியே வைத்துவிட்டுப் பூட்டிப் போகக்கூடிய அறை. பெரிய மேசை ஒன்று, பூட்டு வைத்த அலமாரி ஒன்று, பாதி தைத்த வேலையை மடக்காமல் விரித்து வைக்கக் கொஞ்சம் இடம். சனிக்கிழமை 3 முதல் 6 வரை கண்டிப்பாக வேண்டும், முடிந்தால் புதன்கிழமை மாலையும்.

தையல் வகுப்புகள் ஏற்கனவே இருக்கின்றனவே, அதில் சேரலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நானும் இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு வட்டாரத்தில் ஓர் இடத்தில் எட்டு வார வகுப்பு நடத்திப் பார்த்தேன். முதல் வாரம் மெஷினைப் பழகுவது, இரண்டாம் வாரம் நேர்த் தையல், மூன்றாம் வாரம் ஓரம் மடித்துத் தைப்பது, இப்படிப் போய் எட்டாம் வாரம் ஆளுக்கு ஒரு தலையணை உறை முடிந்தது. பிள்ளைகளுக்குக் கை அப்போதுதான் படிந்திருந்தது. அடுத்த வகுப்புக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும் என்றார்கள், ஏழு பேர்தான் சேர்ந்தார்கள், வகுப்பு ரத்து. அந்த ஏழு பேரில் ஒரு பெண் போர்வைக்காக 30 கட்டம் தைத்து வைத்திருந்தாள். அது இன்னும் அவள் கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் கிடக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஒரு போர்வை எட்டு வாரத்தில் முடியாது. மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, கீழ்த்துணி என்று மூன்றும் சேர்ந்துதான் போர்வை ஆகிறது. மேல்துணிக்கான கட்டங்களை வெட்டித் தைத்துச் சேர்க்கவே ஒரு மாதம் ஆகும். பிறகு மூன்று அடுக்கையும் சுருக்கம் இல்லாமல் தரையில் விரித்து ஊக்கு குத்தி, அடுக்கு நகராமல் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து, கடைசியில் சுற்றிலும் ஓரப்பட்டி கட்ட வேண்டும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் நாலைந்து மாதம். நடுவில் பள்ளித் தேர்வு வரும், யாருக்காவது உடம்பு முடியாமல் போகும், ரமதான் வரும், தீபாவளி வரும். விட்ட இடத்திலிருந்து திரும்ப எடுத்துத் தைக்க முடிய வேண்டும். அதனால்தான் வகுப்பு என்று கேட்காமல் அறை என்று கேட்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1979இல், 17 வயதில், ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நாள் முழுக்கச் சட்டைக் காலர் மட்டும்தான். பக்கத்து வரிசைக்காரி கை வைப்பாள், அதற்கடுத்தவள் காஜா எடுப்பாள். முழுச் சட்டையை நான் ஒருநாளும் தைத்ததில்லை. தொழிற்சாலை மூடிய பிறகு வீட்டிலேயே ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தபோதுதான் முதல்முறையாக ஒரு துணியை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை என் கையால் செய்தேன். அந்தச் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தப் பிள்ளைகளைப் பாதியில் விட மனசு வரவில்லை. எங்கள் காலத்தில் பள்ளியில் மனையியல் பாடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஊசி நூல் பிடிக்கவாவது சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அந்தப் பாடம் உணவு, பயனீட்டாளர் கல்வி என்று மாறிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, சமைக்கவும் காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கவும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் சட்டைப் பொத்தான் அறுந்தால் புதுச் சட்டை வாங்கும் பிள்ளைகளை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். ஊசி பிடிக்க ஓர் இடம் அவர்களுக்கு வேண்டும்.

போன ஜூன் விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பெண், இறந்துபோன பாட்டியின் சேலைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். பெரும்பாலும் சுங்குடி, இரண்டு வாயில் சேலை, ஒன்று பட்டு. வீட்டில் யாருக்கும் தூக்கிப்போட மனசில்லை, கட்டவும் ஆளில்லை. முதலில் சுங்குடியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசச் சொன்னேன், சிவப்பு இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, மூன்று முறை அலசினோம். அப்புறம் துணியைக் கிழிக்கக் கற்றுக்கொடுத்தேன். பழைய பருத்திச் சேலையின் ஓரத்தில் கத்தரியால் ஒரு விரற்கடை வெட்டு வைத்து இரண்டு கையாலும் இழுத்தால், இழை வழியே நேராகப் போய்விடும், ஸ்கேல் வேண்டாம். ஆனால் அவள் வெட்டு வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பாட்டி சேலையைக் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை. மக்சிக் எழுந்து வந்து அவள் கையின்மேல் தன் கையை வைத்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். அந்தக் கிழியும் சத்தம் கேட்டு எல்லா மெஷினும் நின்றுவிட்டது. முந்தானையில் பாட்டி எப்போதோ போட்ட சின்ன ஒட்டு ஒன்று இருந்தது, அதை மட்டும் வெட்டாமல் போர்வையின் நடுவில் வைத்திருக்கிறாள். இன்னும் முடியவில்லை. 42 கட்டத்தில் 27 ஆகியிருக்கிறது.

ஒட்டுத்துணிப் போர்வை என்றால் வெள்ளைக்காரர்களுடைய பொழுதுபோக்கு என்று சிலர் சொல்வார்கள். எங்கள் அம்மா பழைய சேலை நாலை அடுக்கி ஓடு தையல் போட்டுத்தான் எங்களுக்கு விரிப்பு செய்தார். எதிர் புளோக் ஆன்ட்டி சொல்வது, அவர்கள் வழக்கத்தில் பிறந்த குழந்தைக்கு நூறு வீட்டில் துண்டுத் துணி வாங்கிப் போர்வை தைப்பார்களாம், நூறு வீட்டு ஆசியும் சேரும் என்று. சிங்கப்பூருக்கே இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1942இல் ஜப்பானியர் பிடித்து சாங்கி சிறையில் அடைத்த பெண்கள் ஆளுக்கு 6 அங்குலச் சதுரத் துணியில் பூவேலை செய்து, பெயரையும் தைத்து, ஒவ்வொன்றிலும் 66 சதுரம் கொண்ட போர்வைகளாகச் சேர்த்தார்கள். எத்தெல் முல்வனி என்ற கனடாப் பெண்மணியின் யோசனை அது. காயம்பட்டவர்களுக்கான போர்வை என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார்கள், ஆனால் பிரித்து அடைக்கப்பட்ட கணவர்மார் அந்தப் பெயர்களைப் பார்த்துத் தங்கள் மனைவி உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொள்ளட்டும் என்பதும் அதில் இருந்தது. அந்தப் போர்வைகளில் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இரண்டு கேன்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் இருக்கின்றன.

அதே சிறையில் சாரணியர் சிறுமிகளும் ஒரு போர்வை தைத்தார்கள். 8 வயதிலிருந்து 16 வயது வரையுள்ள பிள்ளைகள், கிடைத்த கந்தல் துணியை அறுகோணமாக வெட்டி, தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்காக அவருக்குத் தெரியாமல் தைத்தது. அது இப்போது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதன் படத்தைப் பார்த்த அன்றே அறுகோணம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பழைய பயிற்சிப் புத்தகத் தாளை அறுகோணமாக நறுக்கி, அதன்மேல் துணியை மடித்து நீளத் தையலால் தற்காலிகமாகப் பிடித்து, இரண்டு அறுகோணங்களின் விளிம்பை மட்டும் கவ்விக் கையாலேயே நெருக்கமாகத் தைக்க வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு, ஒரு பூ. சுற்றித் தைத்து முடித்ததும் தாளை உருவிவிடலாம். இதற்கு மெஷினே வேண்டாம், எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்துகூடத் தைக்கலாம்.

கணக்கில் பின்தங்கிய ஒரு பையன் எங்களிடம் வருகிறான். 6 அங்குலக் கட்டம் வேண்டுமென்றால் ஆறரை அங்குலம் வெட்ட வேண்டும், ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். நான் சொன்னதைக் கேட்காமல் அவன் சரியாக 6 அங்குலம் வெட்டிவிட்டான். 6 வரிசையில் 7 கட்டம். போர்வை அகலத்தில் 3 அங்குலமும் நீளத்தில் மூன்றரை அங்குலமும் குறைந்தது. ஏன் என்று நான் சொல்லவில்லை. அவனே டேப்பைப் பிடித்து அளந்து, ஒரு கட்டத்தைப் பிரித்துப் பார்த்து, ஓடி வந்து சொன்னான். இப்போது புதிதாக வருபவர்களுக்குத் துணி வெட்டச் சொல்லிக்கொடுப்பது அவன்தான். பள்ளியில் சமூகத் தொண்டு நேரம் சேர்க்க வேண்டியிருக்கிறது அல்லவா, முதியவர்களின் உடைகளைச் சரிசெய்து கொடுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று பக்கத்துப் பள்ளிகளோடு நீங்கள் பேசினால் பெரிய உதவியாக இருக்கும்.

யூடியூபில் பார்த்துக் கற்கலாம் என்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் மெஷினில் நூல் இறுக்கம் கெட்டு அடியில் கூடு கட்டிக்கொண்டால், அடிநூல் சுற்றிய பாபினைத் திருப்பிப் போட்டிருக்கிறோமா, மேல்நூல் வளையத்தில் விழவில்லையா என்று பக்கத்தில் இருக்கும் ஒருத்தர் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளை அந்த இடத்தில்தான் மெஷினை மூடி வைத்துவிடும். பெரியவர்களுக்கும் இதே அளவு தேவை இருக்கிறது. எங்களில் இரண்டு பேர் தனியாக வசிக்கிறார்கள். சனிக்கிழமை அவர்கள் வரவில்லை என்றால் பிள்ளைகளே போன் போட்டுக் கேட்கிறார்கள்.

துணிக் குப்பை பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் மட்டும் இந்த நாட்டில் சேர்ந்த துணி, தோல் கழிவு 189,000 டன், அதில் மறுசுழற்சிக்குப் போனது 4 விழுக்காடு. மீதி எரிக்கப்பட்டுச் சாம்பல் செமக்காவ் தீவுக் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. எங்கள் பதினாலு பேரால் அந்த எண் மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆறு மாதத்தில் நாங்கள் புதுத் துணி வாங்கியது ஒரே ஒரு முறைதான், அதுவும் ஓரப்பட்டிக்கு.

பணம் பெரிதாகக் கேட்கவில்லை. நாலு மெஷின்கள் எங்களிடமே இருக்கின்றன, இன்னும் இரண்டு வாங்கித் தந்தால் போதும். சாதாரண வீட்டு மெஷின் ஒன்று 200, 300 வெள்ளிக்குள் வந்துவிடும். நூல், ஊசி, பஞ்சு அடுக்கு எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். சொல்லிக்கொடுக்க நானும் இன்னும் இரண்டு பேரும் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம். பாதுகாப்பு பற்றி நீங்கள் யோசிப்பீர்கள்: உருளைக் கத்தியும் இஸ்திரிப் பெட்டியும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் எடுக்கலாம், 6 மணிக்கு எண்ணி அலமாரியில் பூட்டுவோம், சாவி மன்ற அலுவலகத்திலேயே இருக்கட்டும். அறைக்கு மணிக்கணக்கில் வாடகை வைத்தால் மட்டும் எங்களால் தாங்க முடியாது. அதைத் தள்ளுபடி செய்ய வழி இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற விதியையும் எங்களுக்குத் தளர்த்த வேண்டும், தேர்வு மாதத்தில் ஐந்து பேர்தான் வருவார்கள்.

ஓர் ஆண்டு சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். ஓராண்டு கழித்து யாரும் வரவில்லை என்றால் நாங்களே சாவியைத் திருப்பித் தந்துவிடுகிறோம்.

பதில் எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை நேரில் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை 4 மணிக்கு வந்தால் எல்லாரும் இருப்பார்கள். பொத்தான் அறுந்த சட்டை ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் தைத்துத் தருவார்கள்.

இப்படிக்கு,
ஈசூன் சனிக்கிழமைத் தையல் குழுவினர் 14 பேர் சார்பாக

இணைப்பு: கையெழுத்துத் தாள் (பெயர், தொடர்பு எண்களுடன்), அறைக்குத் தேவையான மேசை, அலமாரி அளவுகள், பாதி முடிந்த மூன்று போர்வைகளின் படங்கள்