தாலி கட்டும் நேரத்தில் புகைப்படக்காரர் எங்கே நிற்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த கடிதம் ஒன்றில், கோயில் திருமணங்களில் புகைப்படக்காரர்கள் மணவறையைச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்பதால், வாழ்த்த வந்தவர்களின் கண்ணில் பெண்ணும் மாப்பிள்ளையும் படுவதே இல்லை என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதியை, பினாங்கில் ஒரு கோயிலின் திருமணப் பதிவு மேசையில் 14 ஆண்டுகளாகத் தொண்டு செய்துவரும் நான் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

எங்கள் மேசைக்கு வரும் மணமக்களிடம் புகைப்படத்துக்கு யாரை ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால், உடனே பதில் வரும். அவரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டால், கட்டணம் எத்தனை வெள்ளி, ஆல்பத்தில் எத்தனை பக்கம், வெளிப்புறப் படப்பிடிப்பு எங்கே என்பதோடு பேச்சு முடிந்துபோயிருப்பது தெரியும். சடங்கு எந்த வரிசையில் நடக்கும், ஐயர் எந்தப் பக்கம் அமர்வார், தாலி கட்டும்போது மாப்பிள்ளை எழுந்து நிற்பாரா அல்லது அமர்ந்தபடியே கட்டுவாரா என்பவற்றை யாரும் அவரிடம் சொல்லியிருப்பதில்லை, அவரும் கேட்டிருப்பதில்லை. அன்று காலையில்தான் அவர் அந்தக் கோயிலையே முதன்முதலாகப் பார்க்கிறார். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அறியாத மனிதர், எதையும் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் மணவறையை ஒட்டியே நிற்கத்தான் செய்வார். வாசகர் கண்ட நெரிசலில் பெரும் பகுதி இந்தப் பதற்றம்தான்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் நம் திருமணங்களைப் படமெடுப்பவர்கள் எல்லாரும் தமிழர்கள் அல்லர். சீன இளைஞர்கள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள், வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் நாதஸ்வரமும் தவிலும் திடீரென்று வேகமெடுத்தால் அது கெட்டிமேளம், அந்தக் கணத்தில்தான் தாலி ஏறுகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும், பின்னால் நிற்கும் நாத்தனார்தான் மற்ற இரண்டு முடிச்சுகளையும் போடுவார் என்பது தெரியாததால், முன்புறம் மட்டுமே நின்று எடுத்துவிட்டு, அந்த அக்காளின் கையோ முகமோ இல்லாத ஆல்பத்தைக் கொடுத்தவர்களை நான் அறிவேன். இதில் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நம் வீட்டுப் பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது.

இந்தத் தை மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திருமணத்துக்கு நான்கு நாள் முன்னதாக, ஒரு புதன்கிழமை மாலையில், மணப்பெண் தம் சீனப் புகைப்படக்காரரைக் கோயிலுக்கே அழைத்துக்கொண்டு வந்தார். வேலை முடிந்து நேரே வந்த களைப்பு இருவர் முகத்திலும் தெரிந்தது. மாலைப் பூசை முடிந்து ஐயரும் ஓய்வாக இருந்தார். தாரை வார்ப்பது எங்கே, அம்மி எந்த மூலையில் இருக்கும், ஓமப் புகை எந்தப் பக்கம் போகும், எந்தக் கோட்டைத் தாண்டி அவர் காலெடுத்து வைக்கக் கூடாது, மூலஸ்தானத்தின் பக்கம் கேமராவைத் திருப்பலாமா என்று அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்தத் தம்பி கைப்பேசியில் கெட்டிமேளத்தைப் போட்டுக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டுக்கொண்டார். திருமணத்தன்று அவர் முன்பக்கம் ஓரமாகத் தரையில் அமர்ந்திருந்தார். அவருடைய உதவியாளர் பெண்ணுக்குப் பின்னால் தூணோரம் நின்றார். தவில் வேகமெடுத்தபோது இருவருமே இடம்விட்டு அசையவில்லை. வந்திருந்தவர்கள் எல்லாரும் தாலி ஏறுவதைக் கண்ணாரப் பார்த்தார்கள்.

அன்றும் ஓர் இடைஞ்சல் இருக்கத்தான் செய்தது. அது உறவினர்களால் வந்தது. அட்சதை தூவுவதற்காக முன்வரிசையே எழுந்து பாய்ந்தது. ஆளுக்கொரு கைப்பேசி வேறு உயர்ந்தது. புகைப்படக்காரரிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் நாம், சித்தப்பாவிடமும் அத்தையிடமும் அதைக் கேட்பதில்லை. பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ சொல் மதிப்புள்ள பெரியவர் ஒருவர், முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு ஒலிபெருக்கியை வாங்கி, இருந்த இடத்திலிருந்தே அட்சதை தூவும்படி கேட்டுக்கொண்டால் போதும். இதைப் புகைப்படக்காரர் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்து வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1982 ஜனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள் என்பது இன்றைய மணமக்கள் பிறப்பதற்கு முந்தைய கதை. அதன் பலனாக, பினாங்கில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் சூரியன் உதிக்கிறது. உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றே கால் மணியளவில். ஆகவே 6 முதல் 7.30 வரை முகூர்த்தம் என்று குறித்த திருமணம், ஏறக்குறைய முழுவதும் மண்டப விளக்கொளியில்தான் நடக்கும். தமிழ்நாட்டுத் திருமணப் படம் ஒன்றைக் காட்டி, இதைப் போலவே காலை வெயில் விழ வேண்டும் என்று கேட்கும் மணப்பெண்ணுக்கு, அந்த நேரத்தில் இங்கே வெளியே இருட்டு என்பதைப் புகைப்படக்காரர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தால், பின்னால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல்.

வெளிப்புறப் படப்பிடிப்பின் கதை இன்னும் மோசம். சடங்கு முடிந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, நண்பகலுக்கு மேல் காஞ்சிபுரம் பட்டும் மாலையுமாக ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் வீதிச் சுவரோவியத்தின் முன் சுற்றுப் பயணிகளோடு வரிசையில் நிற்கும் மணப்பெண்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பங்குனிப் பிற்பகுதியிலும் ஆவணிப் பிற்பகுதியிலும் இந்தத் தீவில் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் விழுகிறது. அந்த நேரத்தில் எடுத்த படத்தில் நெற்றி பளபளக்கும், கண்குழி கறுத்துக் கிடக்கும். எந்த விலையுயர்ந்த கேமராவும் அதை முழுதாக மாற்றிவிடாது. அதே மணமக்களை வேறொரு நாள் காலை ஏழரை மணிக்குப் பாடாங் கோத்தா கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தால், எதிர்க்கரைப் பக்கமிருந்து வரும் இளவெயில் முகத்தில் பக்கவாட்டாக விழுந்திருக்கும். மாலையில் எடுக்க விரும்புவோரும் நகரின் மேற்கே மலை நிற்பதை மறந்துவிடக் கூடாது. கடிகாரப்படி பொழுது சாய்வதற்கு முன்னரே ஜார்ஜ் டவுன் தெருக்களிலிருந்து வெயில் போய்விடும். நம்முடைய நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. அந்தப் பொன்னொளி நமக்குக் கிடைப்பது அரை மணி நேரம் போல. ஒப்பனைக்காரர் தாமதித்தால் அதுவும் போயிற்று.

மணவறை அலங்காரம் செய்பவரையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊதா, இளஞ்சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை மணவறை முழுவதும் பாய்ச்சுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒளியில் அரக்குப் பட்டு கத்தரிப்பூ நிறமாகும், முகத்தில் மஞ்சள் தெரியாது. விளக்கில் இல்லாத நிறத்தைப் பிறகு கணினியில் வரவழைக்க முடியாது. பின்திரைக்கு எந்த வண்ணம் வேண்டுமானாலும் இருக்கட்டும், மணமக்களின் முகத்தில் விழும் விளக்கு மட்டும் சாதாரண வெள்ளையாக இருக்கட்டும் என்று மணமக்களே அலங்காரக்காரரிடம் சொல்லிவிட்டால், புகைப்படக்காரரின் வேலை பாதியாகக் குறையும்.

முகத்தின் நிறத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். வெள்ளை வேட்டியும் பளிச்சென்ற பின்திரையும் இருக்கும் இடத்தில் கேமரா தானாகக் கணக்கிட்டால், அது மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். நம் முகங்கள் இருண்டுபோகும். தெரிந்த புகைப்படக்காரர் படமெடுக்கும்போதே முகத்தை அளவாகக் கொண்டு இதைச் சரிசெய்துவிடுவார். மற்றவர்கள் பின்னால் கணினியில் உட்கார்ந்து வெளுத்துத் தள்ளுகிறார்கள். ஒரு காலத்தில் படச்சுருள் தயாரித்த கோடாக் நிறுவனமே, நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் உள்ள அட்டையைத்தான் அளவுகோலாக வைத்திருந்தது. இன்று அந்த நிர்ப்பந்தம் எதுவும் இல்லாதபோதும் நாமாகவே அந்த அட்டைக்குத் திரும்புகிறோம். சில வீடுகளில் பெற்றோரே, பெண்ணைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்கள் என்று கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். கல்யாண ஆல்பத்தில் இருப்பது தன் முகமே இல்லை என்று ஒரு பெண் என்னிடம் அழுதாள். எங்கள் நிறத்தைத் தொடாதீர்கள் என்று மணமக்கள் முன்கூட்டியே சொல்வதும், அதைப் புகைப்படக்காரர் பெற்றோரிடமும் எடுத்துச் சொல்வதும் நல்லது.

என் வீட்டுக் குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். 2016இல் என் மகனுக்குத் திருமணம். நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய என் மாமியாருக்கு அப்போது 84 வயது. காலை ஐந்து மணிக்கே எழுந்து புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஆல்பம் வந்தபோது 600 படங்களுக்கு மேல் இருந்தன. அவர் முகம் ஒன்றிலும் இல்லை. அட்சதை தூவும் ஒரு படத்தின் ஓரத்தில், அவருடைய கை மட்டும் தெரிகிறது. பழைய நெளி மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டோம். மறு ஆண்டே அவர் காலமானார். புகைப்படக்காரர் மீது எங்களுக்கு அன்று வந்த கோபம் நியாயமானதல்ல. கூட்டத்தில் ஓரமாக நாற்காலியில் அமர்ந்திருந்த மூதாட்டி யார் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சக்கர நாற்காலியை மணவறைக்கு அருகில் கொண்டுவரவும் எங்களுக்கு நினைவில்லை. மேடையேறி நின்றவர்களை எல்லாம் அவர் எடுத்தார். மேடையேற முடியாதவரை யார் எடுப்பது?

அதனால்தான் இப்போது பதிவு மேசையில், கட்டாயமாகச் சேர்ந்து நின்று எடுக்க வேண்டிய உறவினர்களை எழுதி வைத்துக்கொள்ளும்படி மணமக்களிடம் சொல்கிறேன். ஒரு குழுவைக் கூப்பிட்டு, நிறுத்தி, எடுத்து அனுப்ப எங்கள் அனுபவத்தில் மூன்று நிமிடமாவது ஆகிறது. இருபது குழு என்றால் ஒரு மணி நேரம் போய்விடும். எனவே பட்டியல் சிறியதாக இருக்க வேண்டும், முதியவர்கள் முதலில் வர வேண்டும். பெரியப்பா யார், தாய்மாமன் யார் என்று முகம் தெரிந்த ஆள் ஒருவர், வீட்டுக்கு ஒருவராக, புகைப்படக்காரரின் பக்கத்தில் நிற்க வேண்டும். மணமக்களே மேடையிலிருந்து கழுத்தை நீட்டி ஆள் தேடினால், அந்தத் தேடலும் படத்தில் விழும்.

பணம், ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் மற்றொருவரிடம் ஒரு படைப்பைச் செய்து தரும்படி ஒப்படைத்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, அதன் பதிப்புரிமை ஒப்படைத்தவருக்கே மாறியதாகக் கருதப்படும். ஆனால் புகைப்படக்காரர் நீட்டும் தாளில் அந்த வேறு உடன்பாடு இருக்கக்கூடும். படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தம் படங்களைப் புகைப்படக்காரர் விளம்பரத்துக்காக இணையத்தில் போடலாமா, திருத்தாத மூலப் படங்களும் கிடைக்குமா, ஆல்பம் எத்தனை மாதத்தில் கைக்கு வரும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது புகைப்படக்காரருக்கும் பாதுகாப்பே. ஒரே நேரத்தில் இரண்டு நினைவக அட்டைகளில் பதியும் கேமரா வைத்திருக்கிறாரா என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் நல்ல தொழில்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கடைசியாக, கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டபக் கட்டணத்தையும் காலணி விதிகளையும் அச்சிட்டுக் கொடுக்கும் நாம், புகைப்படக்காரர் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதை எங்கும் எழுதிவைப்பதில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஐயரிடம் திட்டு வாங்கித்தான் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். மணவறையின் எளிய வரைபடம் ஒன்று, சடங்குகளின் வரிசை தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில், திருமணத்துக்கு முந்தைய வாரத்தில் மாலைப் பூசைக்குப் பின் அரை மணி நேரம்: இவ்வளவையும் கட்டணமின்றியே கொடுக்கலாம். எங்கள் கோயிலில் அந்தத் தாளைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். ஆவணி முகூர்த்தங்களுக்குள் முடித்துவிட எண்ணம். கெட்டிமேளம் என்பதை மலாயில் எப்படி எழுதுவது என்பதில் மட்டும் இன்னும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

இப்படிக்கு,
பதிவு மேசை வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு.