பாமிர் கப்பலும் பார்லியும்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. நாலு பாய்மரமும் நிறுத்தி, தையல் நூலில் கயிறெல்லாம் கட்டி, மேசை விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற அந்தக் குட்டி பாமிர் கப்பலை உன் அத்தையிடம் எத்தனை தடவை காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. முன்னால் மூன்று மரத்திலும் குறுக்குப் பாய், கடைசி மரத்தில் மட்டும் நெடுக்குப் பாய். அந்த வித்தியாசத்தைக்கூட விடாமல் செய்திருக்கிறாய். உன் தாத்தா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்.

படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: "புயல்ல மூழ்கிடுச்சு மாமா, இவ்ளோ பெரிய கப்பல்." அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. புயல் வந்தது உண்மைதான். ஆனால் பாமிர் புயலுக்குப் புதுசா? 1905-இல் ஹாம்பர்க்கில் புளோம் உண்ட் ஃபோஸ் கட்டிய எஃகுக் கப்பல். லைஸ் கம்பெனிக்காரர்கள் அதைச் சிலியிலிருந்து வெடியுப்பு ஏற்றிவரத்தான் செய்யச் சொன்னார்கள். சிலிக்குப் போகவேண்டுமானால் தென்னமெரிக்காவின் கடைக்கோடியில் கேப் ஹார்னைச் சுற்ற வேண்டும். உலகத்தில் அதற்கு மேல் பொல்லாத கடல் இல்லை என்று மாலுமிகள் சொல்வார்கள். அந்தக் கடலுக்கென்றே பிறந்தவள் அவள். 114 மீட்டர் நீளம், 50 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்கள்.

பிற்பாடு பின்லாந்துக் கப்பல் முதலாளி எரிக்சன் கைக்கு வந்தாள். 1949-இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் விக்டோரியாவில் தானியம் ஏற்றிக்கொண்டு, கேப் ஹார்னைச் சுற்றி, 128 நாளில் இங்கிலாந்தின் ஃபால்மவுத் வந்து சேர்ந்தாள். சரக்கோடு பாய் விரித்து ஹார்னைச் சுற்றிய கடைசி வணிகக் கப்பல் என்று அதனால்தான் அவளைச் சொல்கிறார்கள். அப்போது ஏற்றிய தானியம் மூட்டை மூட்டையாக அடுக்கியது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

இப்போது அடுப்படிக்குப் போ. மூடி போட்ட தூக்குவாளி ஒன்றை எடுத்து முக்கால்வாசிக்குக் கம்பு கொட்டு. தரையில் நாலு தட்டுத் தட்டினால் கம்பு இறங்குவது தெரியும். இனி மெதுவாகச் சாய். கொஞ்ச தூரம் வரை ஒன்றும் ஆகாது, கம்பு அசையாமல் கிடக்கும். ஒரு கட்டத்தில் சரசரவென்று மொத்தமும் ஒரு பக்கம் ஓடும். அப்படியே வாளியை நிமிர்த்திப் பார். தண்ணீராக இருந்தால் மட்டத்துக்கு வந்திருக்கும். கம்பு வராது. சரிந்த இடத்திலேயே மேடாக உட்கார்ந்திருக்கும். கப்பலில் அந்த மேட்டின் பாரமே கப்பலை இன்னும் சாய்க்கும், அந்தச் சாய்வில் இன்னும் தானியம் ஓடும்.

நான் மூன்றாம் ஆபீசராக இருந்த ஒரு கப்பலில் இதைக் கண்ணால் பார்த்தேன். கோதுமை ஏற்றிக் கிளம்பி மூன்று நாள். சீஃப் ஆபீசர் என்னைக் கூட்டிப்போய், சரக்கறைக்கு இறங்கும் சின்ன மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். துறைமுகத்தில் விளிம்பு வரை நிறைத்த கோதுமை ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருந்தது. எஞ்சின் அதிர்விலும் அலையின் ஆட்டத்திலும் மணிகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டதால் வந்த இடைவெளி அது. மேலே கன்வேயரில் கொட்டிய குவியலை ஒரு மூலையில் சரியாகப் பரப்பாமல் விட்டிருந்தார்கள். கப்பல் ஒவ்வொரு தடவை சாயும்போதும் அந்த மூலையிலிருந்து ஒரு கைப்பிடி கோதுமை பொலபொலவென்று உதிர்ந்தது. பெரிய ஆபத்து ஒன்றும் நேரவில்லை, கடலும் அமைதியாக இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. பின்னால் நானே சீஃப் ஆபீசர் ஆன பிறகு, தானியம் ஏற்றும் நாளில் சரக்கறைக்குள் நானே இறங்கிப் பார்க்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

இனி 1957-க்கு வருகிறேன். பாமிர் அப்போது சரக்கும் ஏற்றும், பையன்களுக்குப் பயிற்சியும் கொடுக்கும். வழக்கமான கேப்டனுக்கு உடம்பு சரியில்லாததால் யோஹன்னஸ் டீபிட்ஷ் பொறுப்பேற்றிருந்தார். புவனஸ் அயர்ஸில் 3,780 டன் பார்லி ஏற்றினார்கள். அதில் 255 டன் மட்டும்தான் மூட்டை. மீதியெல்லாம் உதிரி. உதிரிக்கு மேலே மூட்டைகளை அடுக்கி அமுக்கிவைத்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், தானியத்தை மட்டமாகப் பரப்பி இறுக்கும் வேலையைப் பழக்கமில்லாத கப்பல் ஆட்களே அவசரமாகச் செய்தார்கள். கடல்நீர் நிரப்பி அடிப்பாரமாக வைத்துக்கொள்ள வேண்டிய தொட்டியிலும் பார்லியைக் கொட்டினார்கள்.

கிளம்புமுன் கப்பலை ஆட்டியும் பார்த்தார்கள். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்ப எத்தனை வினாடி என்று எண்ணும் சோதனை. சோம்பலாக ஆடினால் பாரம் மேலே நிற்கிறது என்று அர்த்தம். அந்தச் சோதனை சரியில்லை என்றுதான் சொன்னது. இருந்தும் ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஹாம்பர்க்குக்குப் புறப்பட்டார்கள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை, பாப்பா. 86 பேர் இருந்த கப்பல். அதில் 52 பேர் பயிற்சிக்கு வந்தவர்கள். இளம் பையன்கள்.

செப்டம்பர் 21 காலையில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடு அட்லாண்டிக்கில், கேரி புயல் வந்து பிடித்தது. பாய்களைக் குறைப்பதற்குள் காற்று ஏறிவிட்டது. திறப்புகளையும் முழுக்க மூடியிருக்கவில்லை. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை. பாய்களெல்லாம் போய்விட்டன, 45 டிகிரி சாய்வில் இருக்கிறோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். பிறகு கவிழ்ந்து, அடிப்பாகம் மேலே தெரிய அரைமணி நேரம் மிதந்து, முழுகிப்போனாள். ஒரு படகைக்கூட முறையாக இறக்க முடியவில்லை. தானாகக் கழன்று மிதந்த உடைந்த படகுகளில் பலர் ஏறினார்கள். ஒன்பது நாள் தேடியும் உயிரோடு கிடைத்தவர்கள் ஆறு பேர்தான். அந்தப் படகுகளில் ஒன்று இன்றும் ஜெர்மனியின் லூபெக் நகரத்து யாக்கோபு தேவாலயத்தில் இருக்கிறது.

விசாரணையில் பார்லி சரிந்ததுதான் முக்கியக் காரணம் என்று வந்தது. கப்பல் சொந்தக்காரர்கள் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை, புயலையும் கப்பலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்பதையும் சொன்னது. நான் விசாரணை பக்கம்தான். ஏனென்றால் சில வாரம் கழித்து அவள் தங்கை பாசாட்டும் அதே போல பார்லியோடு வந்து, புயலில் சரக்குச் சரிந்து, பாடாய்ப்பட்டு லிஸ்பன் துறைமுகத்துக்குள் புகுந்து பிழைத்தாள். இன்றைக்கு ஜெர்மனியின் திராவமுண்டேயில் அவள் மேல் ஏறி நடந்து பார்க்கலாம். இப்போதைய விதிப்படி தானியம் சரிவதாகவே வைத்துக் கணக்குப் போட்டாலும் கப்பல் 12 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. அதைக் காட்டாமல் துறைமுகத்தை விட்டு நகர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ ஓட்டுகிற சின்னப் பாய்ப்படகில் இதெல்லாம் உனக்கே தெரியும். அங்கே சரக்கு நீதான். காற்று அழுத்தும்போது காற்று வருகிற பக்கம் நகர்ந்து, உடம்பை வெளியே சாய்த்து, படகை நிமிர்த்துகிறாய். பாமிரின் சரக்கு அதற்கு நேர் எதிராக, காற்று தள்ளின பக்கமே ஓடியது. உன் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்துகிறவராக, இருந்தவர். கொழும்புக்குப் பாய் விரிக்குமுன் கடைசியாக அவர் போகிற இடம் தோணியின் உள்அறை. ஒவ்வொரு மூட்டையையும் காலால் உதைத்துப் பார்ப்பார். ஆடினால் எடுத்து மறுபடி அடுக்கச் சொல்வார். சின்ன வயசில் எனக்கு அது புரியவில்லை. பாய் ஏறுகிறதைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உன் பாமிரின் ஒரு பக்கப் பலகையைக் கொஞ்சம் வெட்டித் திறந்துவிடு. உள்ளே சரக்கறை தெரியட்டும். 1949-இல் வந்த பாமிராக அவளைச் செய்து முடி. அத்தை பழைய சாக்கைப் பிரித்து மூட்டை தைக்க உட்கார்ந்துவிட்டாள். உன் அளவு நூற்றைம்பதில் ஒன்று என்றால் ஒரு மூட்டை அரை சென்டிமீட்டர்தான் வரும், ஊசி பிடிக்கவே கஷ்டம் என்கிறாள். எத்தனை வேண்டும் என்று எழுது.

மாமா