அந்தத் துண்டு என் மேசையில்தான் இருக்கிறது

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

பாப்பாவுக்கு,

நலமா? பணம் 5ஆம் தேதியே பேங்கில் ஏறிவிட்டது. போன மாதமும் அப்படித்தான். பணம் வந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று அர்த்தம் என்கிறாள் அம்மா. நான் ஒன்றும் சொல்வதில்லை.

பெரியப்பா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பின்னால் மிச்சமிருந்த கித்தா நிரையையும் வெட்டிவிட்டார்கள், கடைசி ரப்பர் மரமும் போச்சு, செம்பனை வைக்கப் போகிறார்களாம். பாட்டி இருந்திருந்தால் வாசலில் உட்கார்ந்து திட்டியிருப்பாள். சரி, இதையெல்லாம் எழுத உட்காரவில்லை.

தீபாவளிக்கு நீ மெஷினில் செதுக்கிக் கொண்டுவந்த மோல்டிங் துண்டு என் மேசையில்தான் இருக்கிறது. கித்தா பலகை, ஓர் அடி நீளம், மேலே பத்மம் என்கிற தாமரை இதழ், கீழே குமுதம் என்கிற உருண்டை விளிம்பு. அன்றைக்கு நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, "வரி தெரியுதே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். மறுநாள் காலை பஸ்ஸிலேயே மூவாருக்குக் கிளம்பிவிட்டாய். வரி இருந்தது உண்மை, அதை இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அது எதனால் வருகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இப்போது கொஞ்சம் தெரியும். பட்டணத்தில் போர்டு செய்கிற கடையில் கம்ப்யூட்டர் சொன்னபடி செதுக்குகிற ஒரு சின்ன சி.என்.சி. மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாள் மதியம் அங்கே போய் நின்றேன். நீ சிரிப்பாய். அங்கே இருக்கிற பையன் நல்லவன், நாற்காலி போட்டுக் கொடுத்தான். உருண்டை முனை உள்ள பிட்டைக் காட்டி, "இது பால் நோஸ் அங்கிள்" என்றான். எனக்குப் பால்மரம்தான் ஞாபகம் வந்தது.

அந்த உருண்டை முனை ஒரு வரி ஓடி, கொஞ்சம் தள்ளி அடுத்த வரி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடு நின்றுவிடுகிறது, ஏர் உழுத மாதிரி. 6 மில்லிமீட்டர் பிட்டை 1.2 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி ஓட்டினால் மேடு 0.06 மில்லிமீட்டர். 0.6 தள்ளி ஓட்டினால் 0.015தான். தள்ளுவதைப் பாதியாக்கினால் மேடு கால்வாசியாகிவிடுகிறது, நேரம்தான் இரட்டிப்பாகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவின் மளிகை நோட்டில் நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. பிறகு உன் துண்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணினேன். ஒரு சென்டிமீட்டருக்கு எட்டு வரி. உன் முதலாளி தவுக்கே அவசரப்படுத்தியிருப்பார். அவசரத்தில் ஓடினது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

இன்னொன்று, வரி குறுக்கே ஓடியிருக்கிறது. சட்டத்தின் நீளத்துக்கு ஓடவிடு. மேடு நாரோடு கிடந்தால் உப்புத்தாளும் நாரோடே போய் எடுத்துவிடும். குறுக்கே கிடந்தால் தேய்க்கத் தேய்க்கப் பத்மத்தின் இதழ் முனை போய்விடும், அது அப்புறம் பத்மமே இல்லை. முதல் ஓட்டத்தில் ஒரு அரை மில்லி மிச்சம் வை. கடைசி ஓட்டத்துக்கென்று ஒரு பிட்டைத் தனியாக வைத்துக்கொள், அதை வேறு எதற்கும் தொடாதே. பிட்டைப் பிடிக்கிற கோலெட்டில் தூசு இருந்தால் பிட் ஆடும், துடைத்துவிட்டு மாட்டு. மாஸ்க் போடு.

மெதுவாக ஓட்டினால் வழவழப்பாக வரும் என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். நிமிஷத்துக்கு 18,000 சுற்று, பிட்டில் இரண்டு பல், நிமிஷத்துக்கு 3,600 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால் ஒவ்வொரு பல்லும் 0.1 மில்லிமீட்டர் சீவுகிறது. 900க்குக் குறைத்தால் பல் சீவாமல் தேய்க்க ஆரம்பிக்கும். மரம் கருகும், முனை மழுங்கும்.

பள்ளத்தில் பஞ்சு மாதிரி நிற்கிறதே, அது உன் தப்பில்லை, மெஷின் தப்புமில்லை. கித்தா மரத்தின் குணம். சாய்ந்து வளர்ந்த மரம் தன்னைத் தானே இழுத்து நிமிர்த்தப் பார்க்கும். அந்த இழுவைப் பக்கத்து நார் வெட்டுப்படாமல் மடங்கும். செங்கால் மரம் இப்படிச் செய்யாது, மெராந்தியும் இவ்வளவு படுத்தாது. முனை கூராக இருக்க வேண்டும், அதுதான் முதல் வைத்தியம். அப்படியும் நின்றால் ஒரு கை சீலர் அடித்துக் காயவிடு. பஞ்சு விறைத்துக்கொள்ளும். அப்போது 240 உப்புத்தாளால் லேசாகத் தேய். விறைக்காமல் தேய்த்தால் படுத்து மறுபடி எழுந்திருக்கும். பாட்டி முப்பது வருஷம் பால் வெட்டிய மரத்தைத்தான் நீ இப்போது செதுக்குகிறாய், இந்த அளவு பிடிவாதம் அதற்கு இருக்கும்.

நைட் ஷிப்ட் இன்னும் போகிறாயா? மாஸ்க் போடுகிறாயா? கித்தா தூசு மாவு மாதிரி, கண்ணுக்கே தெரியாது. என் இருமலை நீ கேட்டிருக்கிறாய். தம்பி வாரா வாரம் போன் பண்ணுகிறான், அவன் ஒன்றும் உன்னைப் போலப் படித்தவன் இல்லை. நம் தோட்டத்து லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி இப்படி ஒரு மெஷினை ஓட்டுகிறாள் என்று காப்பிக் கடையில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. உன்னிடம்தான் சொன்னதில்லை.

துண்டைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பதுகூடப் பொய், தடவுகிறேன். பாப்பா, நீ ஃபார்ம் த்ரீ படிக்கும்போது கோவில் ரதத்துக்குக் கூரை விளிம்பு மாதிரி வளைந்த கபோதச் சட்டம் செய்தோமே, அப்போதே என் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. ஆசாரிக்குக் கண் போச்சு என்றால் யார் வேலை கொடுப்பார்கள்? யாரிடமும் சொல்லவில்லை. உளி வரி எனக்குத் தெரியவே இல்லை. டியூஷன் முடிந்து வந்து டார்ச்சைச் சட்டத்தோடு சாய்த்து அடித்து, நிழல் விழுந்த இடமெல்லாம் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுத்தது நீதான். பதினொரு இரவு. விரலை இரண்டு தடவை வெட்டிக்கொண்டாய்.

திருவிழாவில் தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "ஆசாரி கையில மரம் வெண்ணெய் மாதிரி ஆயிடுது" என்றார். நீ விரலில் பிளாஸ்டரோடு அம்மா பக்கத்தில் நின்றாய். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். உன் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ என் பட்டறைக்குள் வரவே இல்லை. பெண்பிள்ளைக்கு இதில் ஆசை இல்லை என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கை செய்த சட்டத்தைப் பார்த்துத்தான் வரி தெரியுதே என்றேன்.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் அப்போதே ஆகிவிட்டது, உனக்குத் தெரியும். வலது கண்ணுக்கு ஈப்போவில் அடுத்த மாதம் 18ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அம்மா இருக்கிறாள், தம்பியும் வருகிறேன் என்றான். நீ லீவு போட வேண்டாம், தவுக்கே ஏதாவது சொல்வார். கட்டு அவிழ்த்த பிறகு வந்தாலும் போதும். 0.6 தள்ளி ஓட்டிய துண்டு ஏதாவது கிடந்தால் எடுத்துக்கொண்டு வா. டார்ச் இங்கே இருக்கிறது, பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும்.

மாஸ்க் போடு.

அப்பா