ஜன்னலுக்கு முன்னால் ஒரு பேச்சு

கரூர்

அன்புள்ள மாலா,

உன் கடிதம் கிடைத்தது. வாசல்நிலை வைத்தாயிற்று என்று படித்ததும் எனக்கே வீடு எழும்புவது போல மகிழ்ச்சி. அண்ணனின் முட்டிவலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, போன மாதம் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள்.

ஸ்கிரீன் துணி கேட்டிருந்தாய். கட்டாயம் அனுப்புகிறேன். படுக்கை விரிப்பும் ஸ்கிரீனும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யமாட்டேனா? ஆனால் அதற்கு முன்னால் ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சுவர் பூசிய பிறகு பேசிப் பயனில்லை.

எல்லா அறைக்கும் ஸ்லைடிங் ஜன்னல் என்று எழுதியிருக்கிறாய். அது பக்கவாட்டில்தான் நகரும். காற்றுக்காகத் திறந்தால் கீழிருந்து மேல்வரை திறந்துகொள்ளும். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். உடனே முழு ஸ்கிரீனை இழுத்துவிடுவோம். பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கும். நாம் வளர்ந்த வீடுகளில் ஜன்னலுக்கு நாலு கதவு. கீழ் இரண்டைச் சாத்தி மேல் இரண்டைத் திறந்துவிட்டால் வெளிச்சமும் காற்றும் வரும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் கண்ணிலும் படமாட்டார். கீழ்க்கதவைத் திறக்கிற நேரத்துக்கு ஸ்பிரிங் கம்பியில் ஓர் அரை ஸ்கிரீன் இருக்கும். தெருப்பக்க அறைக்காவது ஆசாரியிடம் சொல்லி நாலு கதவு ஜன்னல் போடு.

நான் அதிகம் யோசித்தது உன் மாமியாரைப் பற்றித்தான். படுக்கையில் இருப்பவரின் அறைக்கதவை எப்போதும் சாத்திவைத்தால் மனசு உடைந்துபோகும். திறந்தே வைத்தால், உடம்பு துடைக்கும்போதும் துணி மாற்றும்போதும் கூசிப்போவார். வாசலில் கனமான பருத்தி ஸ்கிரீன் ஒன்று தொங்கட்டும். அடுக்களைச் சத்தம், பேரன் படிக்கிற குரல், யார் வந்தார்கள் என்கிற பேச்சு எல்லாம் அவர் காதில் விழும். உள்ளே போகிறவர்கள் "அத்தை, வரலாமா?" என்று கேட்டுவிட்டுப் போகப் பழகிவிட்டால் போதும்.

தாழ்ப்பாள் இல்லாத துணிதானே, யார் வேண்டுமானாலும் விலக்கலாம். ஆனாலும் நம்மவர்கள் விலக்கமாட்டார்கள். சன்னிதியில் அலங்காரத்துக்குத் திரை போட்டதும் அத்தனை கூட்டமும் காத்து நிற்கிறது. சிதம்பர ரகசியத்துக்கு முன்னாலும் திரைதான். வடலூரில் தைப்பூசத்தன்று ஏழு திரைகள் விலகித்தான் ஜோதி தெரிகிறது. அங்கே காட்டும் மரியாதையை வயதான ஒரு மனுஷிக்கும் காட்டலாம் இல்லையா?

ஒன்று மட்டும் எனக்கு அந்தக் காலத்திலும் பிடிக்காது. வெளி ஆட்கள் வந்தால் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், நம் அம்மாக்கள் ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்று கேட்பார்கள். காபி டம்ளர் மட்டும் வெளியே வரும். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே உன் வீட்டில் எதுவும் தொங்க வேண்டாம்.

மெல்லிய நெட் துணி மட்டும் போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதே. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் நெட் மறைக்கும். ராத்திரி லைட் போட்டதும் அப்படியே தலைகீழாகி, உள்ளே இருப்பது தெருவுக்குத் தெரியும். படுக்கையறைக்கு நெட்டுக்குப் பின்னால் இன்னொரு கெட்டித் துணி வேண்டும்.

அளவு எழுதும்போது ஜன்னல் அகலத்தை அல்ல, கம்பியின் நீளத்தை எழுது. துணி அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால்தான் சுருக்கம் அழகாக விழும். அத்தைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவரையே கேட்டு எழுது. அந்த ஸ்கிரீனை நானே தைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தா