ஜெபம் வரவில்லை என்று எழுதிய நண்பனுக்கு

பாளையங்கோட்டை

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மகள் பெங்களூரில் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள், என்ன செய்யலாம் என்று பக்கம் பக்கமாகக் கேட்டுவிட்டு, கையெழுத்துக்கு மேலே ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "அவள் அம்மா போனபிறகு எனக்கும் ஜெபம் வரவில்லை." படித்ததிலிருந்து அந்த வரி என் மனதைவிட்டுப் போகவில்லை. மகள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் உன் விஷயம்.

நான் தங்கச்சி என்று கூப்பிட்ட உன் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜெபிக்க வந்த ஒருவர், முழு விசுவாசம் இருந்தால் கேன்சர் நிற்காது என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னார். நானும் அங்கேதான் நின்றேன். அவள் போனபிறகு அந்தப் பேச்சின் பாரம் முழுவதும் உன் தலைமேல் இறங்கிவிட்டது. நம் விசுவாசம் எங்கே குறைந்தது என்று ராத்திரியெல்லாம் தேடிக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அந்தத் தேடலை விட்டுவிடு மக்கா. அந்த ஆள் சொன்னது சுவிசேஷமே இல்லை.

வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்களை நினைத்துப் பார். வந்த புதிதில் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டதும் அந்தச் சிநேகிதர்களைத்தான். தம்மோடு வழக்காடிய யோபுவைக் குறித்து, என் தாசன் நிதானமாய்ப் பேசினான் என்றார். இதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! ஆனாலும் துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் நாம் அந்தச் சிநேகிதர்கள் பக்கம்தான் போய் நிற்கிறோம்.

நம் டோனாவூரையே எடுத்துக்கொள். சின்ன வயதில் அங்கே போயிருக்கிறோம், மலையடிவாரத்தில். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1901இல் அங்கே குழந்தைகளுக்காக ஊழியத்தைத் தொடங்கினார். 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேதான் இருந்தார். கிட்டத்தட்ட 20 வருடம். அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா போனது? அந்த வளாகம் முழுக்க ஜெபித்திருக்கும். சுகம் கிடைக்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று நம் பக்கத்தில் ஒருவர் சொல்லிவிட முடியுமா? தங்கச்சியைப் பற்றி மட்டும் ஏன் சொன்னார்கள்?

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. அப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அதனால்தான் அந்த விபத்து நடந்தது, அதுவே தேவ திட்டம் என்று முடிச்சுப் போட எனக்கு மனம் வராது. விபத்து விபத்துதான். தங்கச்சி வலியில் துடித்ததற்கும் ஒரு அழகான காரணம் கண்டுபிடித்துத் தர மாட்டேன். அந்த டாக்டரம்மாவிடம் நான் பார்ப்பது வேறு. கால்கள் திரும்பி வராமலேயே அவர் ஆண்டவரோடு இருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் நிற்கிறேன்.

சந்தேகப்படுவது பாவமோ என்று வேறு கேட்டிருக்கிறாய். யோவான் ஸ்நானகனைவிடப் பெரிய சாட்சி யார்? யோர்தானில் நின்று, இதோ தேவ ஆட்டுக்குட்டி என்று கைகாட்டியவன். அவனே காவலில் கிடந்தபோது, வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டான். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. குருடர் பார்க்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள் என்று பதில் சொல்லி அனுப்பினார். வந்தவர்கள் திரும்பிப் போனதும், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரியவன் இல்லை என்று ஜனங்களுக்கு முன்பாக அவனைப் பாராட்டினார். ஆனால் சிறைக் கதவு திறக்கவில்லை. அவன் தலை போனது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். அதே சமயம் ஒரு தைரியமும் வரும். கேட்டவனை ஆண்டவர் தள்ளவில்லையே.

நம் சபைகளில் இப்போது இந்த மாதிரிப் பகுதிகளை யாரும் தொடுவதில்லை. வருடப் பிறப்பு ராத்திரி ஆராதனை முடிந்ததும் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, எல்லாம் ஆசீர்வாதம், பெருக்கம், உயர்வு. முறையீட்டில் தொடங்கி இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு அட்டை யாருக்காவது வந்திருக்கிறதா? சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்காவது அழுகையும் முறையீடும்தான். பெரிய வெள்ளியன்று மும்மணி நேரம் உட்கார்ந்து, "ஏலி, ஏலி, லாமா சபக்தானி" என்று, ஏன் என்னைக் கைவிட்டீர் என இயேசு சிலுவையில் கதறியதைத் தியானிக்கிறோம். வருடத்தில் அந்த ஒரு மதியம் அழ அனுமதி. ஞாயிற்றுக்கிழமை கீபோர்டும் டிரம்ஸும் வந்ததும் அதை மூட்டை கட்டிவிடுகிறோம்.

கீபோர்டு மேல் எனக்குக் கோபம் இல்லை. பழைய கீர்த்தனைகள் போகின்றனவே என்று வருத்தம் உண்டு. ஆனாலும் பழையதெல்லாம் பரிசுத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாதி பார்த்து உட்கார்ந்ததும் பழைய காலம்தான், சில ஊர்களில் செத்தவர்களைப் புதைக்கும் இடத்திலும் அது இன்னும் விட்டபாடில்லை. இளைஞர்கள் அதைக் கேள்வி கேட்டு வெளியே போனால், அவர்களைப் பின்மாற்றக்காரர்கள் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

உன் மகளும் அப்படி ஒரு நியாயத்தோடுதான் விலகி இருக்கிறாள் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முன்னால் அந்த ஆள் பேசியதை அவளும் கேட்டாள். அவளை விரட்டாதே. காலையில் எழுந்ததும் வாட்ஸப்பில் வசனம் அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்து. வேலை எப்படி, சாப்பிட்டாயா என்று கேள். இந்தக் கிறிஸ்மஸுக்கு அவளை ஊருக்கு வரச் சொல்லாமல் நீயே பெங்களூர் போய் அவளோடு இரு. அம்மாவைப் பற்றி அவள் அழுதால் கூட அழு. உனக்கும் ஜெபம் வரவில்லை என்பதை அவளிடம் மறைக்காதே. அப்பா நடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

நம் பெண்கள் சங்கத்து அக்காமார்களை மறந்திருக்க மாட்டாய். அடக்கம் முடிந்தபிறகும் முறை வைத்துக் கஞ்சியும் குழம்பும் கொண்டுவந்தார்கள். ஒருத்தராவது உபதேசம் பண்ணினார்களா? பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். நம் ஊரில் கிறிஸ்துவை நான் அதிகம் பார்த்தது அவர்களிடம்தான்.

படுக்கையில் கிடந்த திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்பாக இறக்கிய நாலுபேர் கதையில், இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது. படுத்துக் கிடந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று மாற்கு எழுதவே இல்லை. ஆகவே உனக்கு ஜெபம் வராவிட்டால் விட்டுவிடு. காலையில் உன் பேரையும் மகள் பேரையும் சொல்லி நான் ஜெபிக்கிறேன். உனக்கு எப்போது வருகிறதோ அப்போது வரட்டும்.

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதில்லை. பாடகர் குழுவில் இன்னும் நிற்கிறேன், மேல் ஸ்தாயி மட்டும் எட்டுவதில்லை. அடுத்த மாதம் அசனம், சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிடு, ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். ஆலயத்துக்குள் வர மனம் இல்லையென்றால் சோறாக்குகிற இடத்தில் உட்காரலாம், அங்கே வெங்காயம் உரிக்க ஆள் எப்போதும் போதாது. டிக்கெட் போட்டதும் போன் பண்ணு.

உன் அன்பு நண்பன்